பாதுகாப்புக் குழுவில் தொழிலாளியின் இடம்: சட்டமும் நடைமுறையும்

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களிலும் சுவர்களிலும் வெடிப்புகள் தெரிந்தன. பார்க்க வந்த பொறியாளர் எல்லோரையும் வெளியேற்றச் சொன்னார். அதே கட்டடத்தில் இயங்கிய வங்கிக் கிளை தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேல்மாடிகளில் இருந்த ஐந்து ஆயத்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலையும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். உள்ளே போகத் தயங்கியவர்களிடம் சம்பளம் பிடிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. மின்சாரம் தடைப்பட்டு ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில், ஒன்பது மணிக்கு முன்பே, கட்டடம் மொத்தமாகச் சரிந்தது. இறந்தவர்கள் 1,100 பேருக்கும் மேல்.

அந்த ஆபத்து ஒளிந்திருந்த ஆபத்தல்ல. தொழிலாளர்கள் வெடிப்பைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனால் ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இல்லை. எல்லோர் சார்பிலும் 'உள்ளே போக மாட்டோம்' என்று சொல்லவும், சொன்ன பிறகு வேலை பறிபோகாமல் இருக்கவும் உரிமை பெற்ற ஒருவர் அங்கே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் வங்கதேசம் தன் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றது.

பேரழிவுக்குப் பின் குழு அமைப்பது பல நாடுகளும் செய்ததுதான். இந்தியாவும் செய்தது. குழு இருந்தால் தொழிலாளியின் உயிர் காக்கப்படுமா, இல்லை குழுவுக்குள் வேறு ஏதோ ஒன்று இருந்தாக வேண்டுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

பிரதிநிதி முதலில், குழு பிறகு

தொழிலாளர் சார்பில் பணியிடத்தைச் சோதிப்பவர் என்ற ஏற்பாடு சுரங்கத்தில் பிறந்தது. பிரிட்டனின் 1872-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டம், தொழிலாளர்கள் தங்களில் இருவரை நியமித்துச் சுரங்கத்தைச் சோதிக்கலாம் என்றது. செலவு தொழிலாளர்களுடையது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு இந்த உரிமை தொழிற்சாலைகளுக்குப் பரவலாக வந்து சேரவில்லை.

1972-இல் வெளியான ராபன்ஸ் குழு அறிக்கை பிரிட்டனின் அணுகுமுறையையே மாற்றியது. நுணுக்கமான விதிகளைக் குவிப்பதை விட, ஆலைக்குள் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து பாதுகாப்பைக் கவனிப்பதே வழி என்பது அதன் நிலைப்பாடு. விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் அக்கறையின்மை என்றும் அது கருதியது. அதன் தலைவர் ராபன்ஸ் பிரபு, 1966-இல் வேல்ஸின் அபெர்ஃபான் கிராமத்துப் பள்ளியின் மீது நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உள்பட 144 பேர் இறந்தபோது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவர். அறிக்கை வந்த மறு ஆண்டே சமூகவியலாளர்கள் தியோ நிக்கல்ஸும் பீட் ஆம்ஸ்ட்ராங்கும் மறுப்பு எழுதினார்கள். தொழிலாளி அக்கறையில்லாமல் ஆபத்தில் கை வைப்பதில்லை, உற்பத்தி நிற்கக் கூடாது என்ற நெருக்கடியில்தான் கை வைக்கிறார் என்பது அவர்கள் வாதம். பாதுகாப்புக் குழுக்களைப் பற்றிய விவாதம் இன்றுவரை இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. முதல் நிலையை ஏற்றால் குழுவின் வேலை அறிவுரை சொல்வது. இரண்டாவதை ஏற்றால் அதன் வேலை நெருக்கடியைத் தடுத்து நிறுத்துவது.

1978 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் விதிகளின் அடுக்குமுறை கவனிக்கத்தக்கது. நிர்வாகம் அங்கீகரித்த தொழிற்சங்கம் முதலில் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணியிடத்தைச் சோதிப்பது, விபத்தை விசாரிப்பது, அரசு ஆய்வாளரிடம் நேரடியாகப் பேசுவது ஆகியவற்றைப் பிரதிநிதி ஊதியத்துடன் கூடிய நேரத்தில் செய்யலாம். இரண்டு பிரதிநிதிகள் எழுத்துமூலம் கேட்டால் மூன்று மாதத்துக்குள் முதலாளி குழுவை அமைக்க வேண்டும். ஆக, அங்கே பிரதிநிதியே குழுவை உருவாக்குகிறார். குழு கூடாவிட்டாலும் அவருடைய உரிமைகள் அப்படியே இருக்கின்றன.

போபாலுக்குப் பின் எழுதப்பட்ட பிரிவுகள்

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் பிறந்தபோது இப்படிப்பட்ட குழுவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போபாலுக்குப் பிறகே அது வந்தது. 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் தொழிற்சங்கம் ஆபத்தை எச்சரித்துச் சுவரொட்டிகள் ஒட்டியது. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி அதே ஆண்டு தொடர்ந்து எழுதினார். எச்சரித்தவர்களின் சொல்லுக்குச் சட்டத்தில் எந்த எடையும் இல்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்.

1987-ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தது. அதில் 41-ஜி பிரிவு, இத்தகைய ஆலைகளில் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. மின் உற்பத்தி, சிமென்ட், மருந்து, தோல் பதனிடுதல் என்று நீளும் தொழில்களின் பட்டியலும் சட்டத்தோடு இணைக்கப்பட்டது. எழுத்துமூல ஆணையால் விலக்கு அளிக்கும் அதிகாரம் மாநில அரசுக்குத் தரப்பட்டது.

இது சிறிய முன்னேற்றமல்ல. ஆனால் அடுக்குமுறை பிரிட்டனுக்கு நேர் எதிரானது. இங்கே குழுவை அமைப்பவர் ஆலையின் பொறுப்பாளர். மாநில விதிகளின்படி பொதுவாக மூத்த நிர்வாகி ஒருவர் தலைவர், பாதுகாப்பு அதிகாரி செயலாளர், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டம். எண்ணிக்கை சமம். ஆனால் கூட்டத்தைக் கூட்டுவதும், எதைப் பேசுவது என்று முடிவு செய்வதும், பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவதும் நிர்வாகத்தின் கையில். தொழிலாளர் பிரதிநிதிக்குக் குழுவுக்கு வெளியே தனியாக நிற்கும் அதிகாரம் எதையும் இப்பிரிவு தரவில்லை.

அடுத்து வரும் 41-எச் பிரிவைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். மருந்து ஆலை ஒன்றில் இரவு ஷிஃப்டில் கரைப்பான் செல்லும் குழாயின் இணைப்பில் கசிவு வாடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி அதை நேரடியாகவோ குழுவிலுள்ள தன் பிரதிநிதி வழியாகவோ மேலாளருக்குத் தெரிவிக்கலாம். அதே சமயம் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். உடனடி ஆபத்து இருப்பதாக மேலாளர் ஒப்புக்கொண்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் விஷயம் ஆய்வாளருக்குப் போகிறது. அவர் முடிவே இறுதியானது. தகவல் போவதற்கும் ஆய்வாளர் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட மணிநேரங்களில் ரியாக்டர் ஓடலாமா, நிற்க வேண்டுமா என்பதைப் பற்றிப் பிரிவு எதுவும் சொல்லவில்லை. கசிவு தீப்பற்ற அவ்வளவு நேரம் தேவையில்லை.

நெய்வேலியில் இரண்டு சட்டங்கள்

இந்தியச் சட்டத்துக்கு இதைவிட வலுவான ஏற்பாடு தெரியாது என்று சொல்ல முடியாது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் இறந்தனர். அடுத்த பத்தாண்டில் சுரங்கச் சட்டமும் விதிகளும் திருத்தப்பட்டன. 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் சுரங்கங்களில், பதிவுபெற்ற தொழிற்சங்கத்தைக் கலந்து, தொழிலாளர் தரப்பு ஆய்வாளர்களை நியமிக்க வேண்டும். அவர் சுரங்கப் பாதைகளையும் வேலை நடக்கும் முகப்புகளையும் இயந்திரங்களையும் நடந்து பார்க்கிறார், கண்டதைப் பதிவேட்டில் எழுதுகிறார். அவசர ஆபத்து தென்பட்டால் மேலாளருக்கும் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கிறார். குழுவும் உண்டு. அது மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

இவரும் நிர்வாகம் பெயர் குறிக்கும் ஆள்தான், தேர்தலில் வந்தவர் அல்ல. ஆனாலும் தொழிற்சாலைக் குழு உறுப்பினருக்கு இல்லாத ஒன்று இவருக்கு இருக்கிறது: தானே போய்ப் பார்த்து, தன் கையால் எழுதிவைக்கும் கடமை. இவர் எழுதியது பதிவேட்டில் இருக்கும்வரை, 'எங்களுக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

நெய்வேலியில் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே காண முடிந்தது. பழுப்பு நிலக்கரி வெட்டும் திறந்தவெளிச் சுரங்கம் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்த நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்தது. 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்தது. இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் இன்னொரு கொதிகலனில் மீண்டும் வெடிவிபத்து. இரண்டிலும் உயிர்கள் போயின. பாதிக்கப்பட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர்.

சுரங்கத்துச் சட்டம் மின்நிலையத்தில் இருந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று வாதிட இடமில்லை. கொதிகலன் பராமரிப்பு தனித் துறை. ஆனால் முதல் விபத்துக்கும் இரண்டாவதற்கும் இடையிலான எட்டு வாரங்களில், கொதிகலன் அருகே வேலை செய்தவர்கள் சார்பில் 'இதை நிறுத்திப் பார்க்காமல் ஓட்டக் கூடாது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடும் தனிப் பொறுப்பைத் தொழிற்சாலைகள் சட்டம் எந்தத் தொழிலாளிக்கும் கொடுத்திருக்கவில்லை.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

குழுக்கள் விபத்தைக் குறைக்கின்றனவா என்பதை அளப்பது கடினம். நல்ல பிரதிநிதி இருக்கும் ஆலையில் மறைக்கப்பட்ட காயங்களும் பதிவாகும். எனவே எண்ணிக்கை கூடியதுபோல் தோன்றும். அபாயம் மிகுந்த ஆலைகளில்தான் குழுக்கள் முதலில் அமைகின்றன. எனவே குழு உள்ள இடத்தில் விபத்து அதிகம் என்ற பொய்த் தோற்றமும் எழும்.

இந்தத் தடைகளைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகளில் இரண்டு முக்கியமானவை. 1990-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பணியிடக் கணக்கெடுப்பின் தரவுகளை வைத்து ரெய்லி, பாச்சி, ஹோல் ஆகிய மூவர் 1995-இல் வெளியிட்டது ஒன்று. தொழிலாளர் உறுப்பினர்கள் அனைவரையும் தொழிற்சங்கமே நியமித்த கூட்டுக் குழுக்கள் உள்ள உற்பத்தி ஆலைகளில், நிர்வாகம் மட்டுமே பாதுகாப்பைக் கவனித்த ஆலைகளைவிடக் காயங்கள் கணிசமாகக் குறைவு என்று அது கண்டது. மற்றது, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் குழுக்களைக் கட்டாயமாக்கிய பிறகு நேர்ந்ததைப் பற்றி டேவிட் வைல் 1999-இல் வெளியிட்டது. சங்கம் இல்லாத இடங்களில் குழு அந்தக் குறையை நிரப்பும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. சட்ட அமலாக்கத்தில் சங்கம் உள்ள பணியிடங்களுக்கும் இல்லாத பணியிடங்களுக்கும் இடையிலான இடைவெளி விரிந்தது. ஏற்கெனவே குரல் இருந்தவர்கள் குழுவைப் பயன்படுத்திக்கொண்டார்கள். குரல் இல்லாதவர்களுக்குக் குழு பெயரளவில் வந்து சேர்ந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர் யார், அவர் பேசியபின் அவரைக் காப்பது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலில்தான் குழுவின் பலன் இருக்கிறது.

நிர்வாகத் தரப்பின் மறுப்பையும் எடைபோட வேண்டும். நவீன ஆலையின் ஆபத்து தொழில்நுட்பம் சார்ந்தது, அதைக் கணிக்கப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு அதிகாரி வேண்டும், தொழிலாளியின் அனுபவம் போதாது என்பது அவ்வாதம். இதில் உண்மை உண்டு. அழுத்தக் கலனின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கருவிதான் சொல்லும். ஆனால் ஒரு வால்வு எத்தனை நாளாகக் கம்பியால் கட்டி ஓட்டப்படுகிறது, எந்த அலாரத்தின் இணைப்பு எப்போது பிடுங்கப்பட்டது, எந்த வேலைக்குப் பெர்மிட் வேலை முடிந்தபின் எழுதப்படுகிறது என்பவை அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். பாதுகாப்பு அதிகாரிக்கும் தெரியலாம். ஆனால் அவர் சம்பளமும் பதவி உயர்வும் நிர்வாகத்திடம் இருக்கின்றன.

கணக்கில் வராதவர்கள்

தொழிற்சாலைகள் சட்டத்தின் விளக்கப்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தொழிலாளியாகவே கருதப்பட்டார். ஆனால் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போது நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கமே முன்னிற்கிறது. ஆபத்தான வேலைகள் பலவும் ஒப்பந்தத் தொழிலாளரிடம் ஒப்படைக்கப்படும் இக்காலத்தில், ஆபத்தின் அருகே நிற்பவர் குழுவுக்கு வெளியே இருக்கிறார்.

சிறு ஆலைகளின் நிலை இன்னும் மோசம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் விருதுநகர் மாவட்டம் கண்ட விபத்துகள் பல. உரிமம் ஒருவர் பெயரில், குத்தகை இன்னொருவருக்கு, அறைகள் உள்குத்தகைக்கு, கூலி எண்ணிக்கைக் கணக்கில் என்று வேலை சிதறிக் கிடக்கும் இடத்தில், யார் யாரோடு அமர்ந்து குழு அமைப்பது? மருந்து கலப்பவர், திரி வைப்பவர், காயவைப்பவர் யாருமே தங்களை ஒரே ஆலையின் தொழிலாளராகக் காண வழியில்லை.

2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த ஓட்டைகளை அடைக்கவில்லை. பழைய 41-ஜி பிரிவு அபாய ஆலைகளுக்குக் குழுவைச் சட்டத்திலேயே கட்டாயமாக்கியது. புதிய 22-ஆம் பிரிவோ, அரசு ஆணையிட்டால் குழு என்கிறது. தொழிலாளர் உறுப்பினர் எண்ணிக்கை நிர்வாகத்தினரின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது என்பது நல்ல அம்சம். ஆனால் மின்விசையுடன் இயங்கும் இடம் தொழிற்சாலை ஆவதற்கான வரம்பு 10 தொழிலாளரிலிருந்து 20 ஆகவும், மின்விசை இல்லாத இடத்துக்கு 20-இலிருந்து 40 ஆகவும் உயர்ந்துவிட்டது. உடனடி ஆபத்தைத் தெரிவிக்கும் நடைமுறை ஏறத்தாழ பழைய 41-எச் பிரிவின் வடிவிலேயே தொடர்கிறது. ஆபத்து உண்டா என்று இறுதியாகச் சொல்ல வேண்டிய ஆய்வாளர் இப்போது நிறுவனங்களுக்கு வழிகாட்டி உதவுபவராகவும் இருக்க வேண்டும்.

அமலாக்கம் எப்படி இருந்தது என்பதை ஒரு கணக்கு காட்டுகிறது. ஒன்றிய அரசின் தொழிற்சாலை ஆலோசனை இயக்ககத்திடம் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட விவரப்படி, 2018 முதல் 2020 வரை பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் 3,331 பேர் இறந்தனர். அதே காலத்தில் சிறைத்தண்டனை பெற்றவர்கள் 14 பேர்.

நிறுத்தும் உரிமையும் வட்டாரப் பிரதிநிதியும்

மாற்று ஏற்பாட்டுக்கு ஸ்வீடன் நீண்ட அனுபவம் தருகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருந்து, முதலாளியிடம் சொல்லியும் தீராவிட்டால், அரசு அமைப்பு முடிவு சொல்லும்வரை வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம் அங்கே பாதுகாப்புப் பிரதிநிதிக்கு உண்டு. நிறுத்தியதால் நேர்ந்த இழப்புக்கு அவரிடம் ஈடு கேட்க முடியாது. இந்த உரிமை 1974 முதல் இருக்கிறது. ஸ்வீடனின் தொழில் வளர்ச்சி அதனால் முடங்கிவிடவில்லை.

41-எச் பிரிவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆய்வாளர் வரும்வரை இங்கே இயந்திரம் ஓடலாம், அங்கே நிற்கலாம். இறுதி முடிவு இரண்டு நாடுகளிலும் அரசு அதிகாரியுடையதுதான். எனவே நிறுத்தும் உரிமை நிர்வாகத்தின் அதிகாரத்தைத் தொழிலாளிக்கு மாற்றிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. சந்தேகம் இருக்கும் நேரத்தில் யார் காத்திருக்க வேண்டும், உற்பத்தியா உயிரா என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

சிறு நிறுவனங்களுக்கும் ஸ்வீடன் வழி கண்டிருக்கிறது. குழு அமையாத பணியிடங்களுக்குத் தொழிற்சங்கம் வட்டாரப் பாதுகாப்புப் பிரதிநிதியை நியமிக்கிறது. அவர் அந்த ஆலையின் ஊழியர் அல்ல. ஆகவே வேலை போகும் அச்சமின்றி ஆலை ஆலையாகச் சென்று பார்க்க முடிகிறது. சிவகாசிக்கும் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளுக்கும் பொருந்தக்கூடிய ஏற்பாடு இது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-இல் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் நடத்திய போராட்டம் 2022-இல் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. ஆலை நிறுவனத்தோடு அதனிடம் ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும் கட்டுப்பட்டன. ஒப்பந்தத்தின் மையத்தில் இருந்தவர்கள் தையல் வரிசையிலேயே வேலை செய்யும் பெண் கண்காணிப்பாளர்கள், 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில். சங்கமே அவர்களுக்குப் பயிற்சி தந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் நிறுவனத்தின் வணிகமே பாதிக்கப்படும் என்ற பிணைப்பு இருந்தது. பாலியல் வன்முறையைத் தடுக்க உருவான ஏற்பாடு இது என்றாலும், பிரதிநிதிக்கு என்னென்ன தேவை என்பதை ஆய்வுகள் சொன்ன அதே வரிசையில் காட்டுகிறது: தொழிலாளரிடமிருந்து வருதல், வேலை நடக்கும் இடத்திலேயே இருத்தல், பேசியபின் காக்கப்படுதல்.

முடிவு

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. உடனடி ஆபத்திலிருந்து நியாயமான காரணத்தோடு விலகும் தொழிலாளிக்குத் தண்டனை கூடாது என்று அதன் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே சொல்லியிருக்கிறது. இந்தியச் சட்டம் குழுவைத் தந்தது, பிரதிநிதியைத் தரவில்லை. இதுவே இக்கட்டுரை வந்தடையும் தீர்ப்பு.

குழுவை எப்படி அமைப்பது, உறுப்பினரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பவற்றை விதிகளில் வகுக்கும் பொறுப்பைப் புதிய தொகுப்புச் சட்டம் உரிய அரசுகளிடம் விட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு இந்த இடத்தைப் பயன்படுத்த வேண்டும். தொழிலாளர் உறுப்பினர்களை இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கவும், ஒப்பந்தத் தொழிலாளருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் ஒதுக்கவும், சுரங்கத்தில் உள்ளதுபோல் பிரதிநிதி சோதித்து எழுதும் பதிவேட்டை எல்லா அபாய ஆலைகளிலும் வைக்கவும் விதி செய்யலாம். பட்டாசு, தோல் தொழில்களுக்கு வட்டாரப் பிரதிநிதிகளை மாநில அளவில் தொடங்கலாம். வேலையை நிறுத்திவைக்கும் உரிமைக்குச் சட்டத் திருத்தமே தேவை. தொழிற்சங்கங்கள் ஊதியத்துக்கும் போனஸுக்கும் நடத்தும் பேச்சுவார்த்தையின் முதல் பக்கத்திலேயே இந்தக் கோரிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும்.